பதினொரு மணி அப்டேட்

ஹாலில் இடம் போதவில்லை என்று சோபாவை வாசலுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கை அவர்களுக்கு நடுவே புகுந்து, ஃபிரிட்ஜின் மேல் யாரோ வைத்திருந்த அண்ணனின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அண்ணனை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். இந்த நேரத்தில் இவளுக்கு என்ன கம்ப்யூட்டர் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். மணி பத்து நாற்பது. அவனை எடுத்துப்போக வண்டி பதினொன்றரைக்கு. அதற்கு முன்னால் பதினொரு மணிக்கு அப்டேட் இருந்தது.

அந்த நேரத்தைக் குறித்து வைத்தவள் அவள்தான். கோபத்தில் வைத்தது.

இரண்டு பேரும் சேர்ந்து இந்த உள்ளறையில்தான் வெப்சைட் செய்து கொடுத்தார்கள். இருவருக்கும் தகராறு வந்தது ஊர் நூலகத்துக்குச் செய்த தளத்தில். எந்தத் தளத்தை உருவாக்கினாலும் சில பக்கங்கள் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டே வரும். உள்ளே நுழையும் பக்கம், கடவுச்சொல் தவறு என்கிற பக்கம், தேடியது கிடைக்கவில்லை என்கிற பக்கம். யாரும் அவற்றைத் தொடுவதில்லை. அண்ணன் தொடுவான். 'பிழை 404' என்று இருந்ததை அழித்துவிட்டு, "நீங்க தேடுன பக்கம் இங்க இல்ல. தப்பு உங்க மேல இல்ல. கீழ இருக்குற நம்பர்ல நூலகரம்மாவ கேளுங்க, சொல்லுவாங்க" என்று எழுதினான். கடவுச்சொல் தவறினால், "பரவாயில்ல, நானும் மறந்திருக்கேன்" என்று வரும். நூலகரம்மாவுக்கு வாயெல்லாம் பல். தங்கைக்கு எரிச்சல். எழுதியதில்கூட அவளுக்கு அவ்வளவு குறையில்லை. எங்கே எழுதினான் என்பதில்தான் சண்டை.

மூலக் கோப்பிலேயே கை வைத்திருந்தான். அடுத்த அப்டேட் வந்தால் மென்பொருள் தன் பழைய பக்கங்களையே திரும்பப் போட்டுவிடும், எழுதியதெல்லாம் போய்விடும். தனி ஃபோல்டரில் நகல் எடுத்து அதில் மாற்றினால் எத்தனை அப்டேட் வந்தாலும் நிற்கும். முதல் வாரம் வேலைக்கு வந்தவனுக்கும் தெரிந்த விஷயம். தளத்தில் பாதுகாப்பு ஓட்டை வேறு இருந்ததால் அப்டேட் செய்தே ஆக வேண்டும். பத்து தடவை சொன்னாள். "சுவத்துக்கு வெள்ளையடிக்க இன்னொரு வீடு கட்டச் சொல்றியே இன்ஸ்பெக்டரம்மா" என்று சிரித்தான். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "அடுத்த வாரம் புதன்கிழமை பதினொரு மணிக்கு அப்டேட் போடப்போறேன். வேணும்னா அதுக்குள்ள எடுத்து வச்சுக்கோ. இல்லன்னா உன் கதையெல்லாம் போகட்டும்" என்றாள்.

"இதெல்லாம் கதையாடீ?" என்றான் அண்ணன். அப்போது அவன் சிரிக்கவில்லை. "முன்பக்கத்த எல்லாரும்தான் அழகு பண்ணுவாங்க. வழி தவறி வந்து நிக்கிறவன்கிட்டதான் நாம நல்லா பேசணும்."

அதன்பிறகு ஒன்பது நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இன்று புதன்கிழமை.

பதினொரு மணிக்குத் தானாக ஓடும்படி அவள் வைத்திருந்த அப்டேட்டை நிறுத்தத்தான் லேப்டாப்பைத் திறந்தாள். கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அவன் மாற்றவே மாட்டான், அதற்கும் ஒரு சண்டை உண்டு. தளத்தை நிர்வகிக்கும் பின்பக்கம் திறந்தது. 'ரத்து செய்' என்ற பட்டனுக்குப் பக்கத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோனவள், ஓரத்தில் ஒரு ஃபோல்டரைக் கண்டு நின்றாள். முன்பு அது இருந்ததில்லை. சனிக்கிழமைத் தேதி.

உள்ளே ஏழு கோப்புகள். ஒவ்வொன்றையும் முறையாக நகல் எடுத்து, முறையாகப் பெயர் வைத்து, அவள் சொன்னபடியே செய்திருந்தான். கமுக்கமாகச் செய்துவிட்டு, வாயைத் திறக்காமல் மூன்று நாள் எதிரே உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாவி என்று அவளுக்குக் கோபம் வந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஆறு சரியாக இருந்தன.

ஏழாவது, அப்டேட் நடக்கும்போது மட்டும் எல்லாருக்கும் தெரிகிற பக்கம். அதில் மென்பொருளின் வரியை அழித்திருந்தான். புதிதாக எதுவும் எழுதவில்லை. வாசகர் கண்ணுக்குத் தெரியாத குறிப்பாக மேலே ஒரு வரி மட்டும் இருந்தது.

'இதுக்கு என்ன எழுதுறதுன்னு அவகிட்ட கேக்கணும்.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். ஹாலில் யாரோ புதிதாக வந்திருந்தார்கள், அழுகை ஒருமுறை உயர்ந்து தணிந்தது. அண்ணி கதவருகே வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்க. என்னம்மா பண்ற?"

"அண்ணன் ஒரு வேலைய பாதியில விட்டுட்டான் அண்ணி. அஞ்சு நிமிஷம்."

அண்ணி திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். என்ன வேலை என்று கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பத்து ஐம்பத்தாறு. ரத்து செய்ய இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவன் இத்தனையும் செய்து வைத்தது இந்தப் பதினொரு மணிக்காகத்தானே. பட்டனை விட்டு அம்புக்குறியை நகர்த்தினாள். 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அடித்தாள். எந்தக் குறையும் இல்லாத வாக்கியம். அவளுக்கே பிடிக்கவில்லை. அழித்தாள். எதையும் சரிபார்த்தே பழகியவள், தானாக எழுதிப் பழக்கமில்லை. இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவை அழித்தாள். பிறகு, யோசிக்காமல், அவன் சொல்கிற மாதிரியே அடித்துச் சேமித்தாள்.

பதினொன்று ஆனதும் நூலகத்தின் முகப்பு மறைந்தது. வெள்ளைத் திரையில் அந்த ஒரு வரி வந்தது.

'உள்ளதான் இருக்கோம். கொஞ்சம் உக்காருங்க, இதோ வந்துட்டோம்.'

அப்டேட் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் எடுக்கும். அண்ணி மறுபடியும் கூப்பிட்டாள். அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்து, உட்கார்ந்திருந்தாள்.