நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"கமாவா?" என்று கேட்டான் தம்பி. தாளை அக்காவின் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான். கை கடுக்கத் தொடங்கி வெகுநேரமாகியிருந்தது.

"இல்ல."

"சரி, கமா இல்ல. எழுத்துல ஏதாவது புள்ளி விட்டுப் போச்சா?"

"இல்ல."

பக்கவாதம் அவளிடம் விட்டுவைத்தது இந்த ஒரு சொல்லைத்தான். தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்ல, வேண்டாமா என்றாலும் இல்ல. ஆனால் கொடுத்தால் குடித்தாள். ஆமாம் என்பதற்கும் அவளிடம் இருப்பது அந்த ஒரே சொல்தான் என்பது மூன்றாம் நாள்தான் விளங்கியது. எந்த 'இல்ல' ஆமாம், எந்த 'இல்ல' இல்லை என்பது மட்டும் இந்த ஒன்பதாம் நாளிலும் பிடிபடவில்லை.

வலது பக்கம் முழுதும் மரக்கட்டை. இடது சுட்டுவிரல் மட்டும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடிப்பகுதியைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. தாள் அங்கே நைந்துவிட்டது.

அக்கா பத்தொன்பது வயதில் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தவள். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் வாக்கியங்களைத் திருத்தினாள். பேர் பெற்ற எழுத்தாளர்களெல்லாம் அவள் மேசை முன்னால் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் மாதிரி நெளிந்தார்கள். பிறகு சினிமா. திரைக்கதையைப் புத்தகமாகப் போட வந்த இயக்குநர் ஒருவர், அவள் திருத்தங்களைப் பார்த்துவிட்டு வசனம் எழுதக் கூப்பிட்டுக்கொண்டார். பதினோரு படம் எழுதினாள். ஆறில்தான் பெயர் வந்தது. ஒருமுறை வண்டி நிறுத்தும் தகராறில் எதிர்வீட்டுக்காரர் அவள் எழுதிய வசனத்தையே அவளிடம் விரலை ஆட்டி முழங்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதல் வார்த்தைய விட்டுட்டீங்க. 'இனிமே'ன்னு ஆரம்பிக்கணும். அப்பத்தான் கேக்கிறவனுக்குப் பயம் வரும்," என்றாள்.

சினிமாவிலிருந்து அழைப்பு நின்றதும் மறுபடி பதிப்பகத்துக்கே போனாள். ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவள் தன் பிள்ளையைப் பெற்றது அறுபத்து நான்காம் வயதில். அவளுடைய முதல் நாவல் இது. கடைசிப் புரூஃப் வீட்டுக்கு வந்த மறுநாள் குளியலறை வாசலில் விழுந்தாள். நூற்றுப் பதினோரு பக்கம் வரை சிவப்பு மை ஓடியிருந்தது. அதற்கப்புறம் வெள்ளை.

தம்பி மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லிவிடுவான். கதைப் புத்தகம் ஒன்றையும் முழுதாகப் படித்ததில்லை. "உனக்கு என் புத்தகம் தலகாணிக்குத்தான்டா ஆகும்," என்பாள் அக்கா.

நேற்று வந்த டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வீட்லயே இருக்கட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஏங்க, அண்ணியக் கொஞ்சம் தூங்க விடுங்களேன்," என்றாள் அவன் மனைவி.

"அவ எங்க தூங்குறா? விரலப் பாரு." அவன் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டான். "அக்கா, நான் சத்தமாப் படிக்கிறேன். திருத்த வேண்டிய இடம் வந்ததும் விரல நிறுத்து. சரியா?"

எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தான். கதையில் ஒரு பெண் முதன்முறையாக வேலைக்கு வெளியூர் கிளம்புகிறாள். அவளுடைய தம்பி பெட்டியைச் சுமந்து வருகிறான்.

"'பெட்டியைப் பேருந்தில் ஏற்றிவிட்டு அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவன் அழவில்லை.'"

தம்பி அந்த வரியை மறுபடி மனசுக்குள் படித்தான். அக்காவைப் பேருந்து ஏற்றிவிட்ட அன்று, பூட்டியிருந்த சைக்கிள் கடைக்குப் பின்னால் போய், சட்டையை வாயில் திணித்துக்கொண்டு நின்றதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய மனைவியிடம்கூட.

அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போகும்வரை காத்திருந்தான்.

"அக்கா, நான் அழுதேன்."

அக்காவின் கண்கள் அவன்மேல் இருந்தன.

"இல்ல," என்றாள்.

விரல் நிற்கவில்லை.

"இதத்தான் சொல்றியா? அழுதான்னு மாத்தணுமா?"

"இல்ல."

"அப்ப இப்படியே இருக்கட்டுமா?"

"இல்ல."

அவள் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. எரிச்சலா, இயலாமையா, இல்லை அந்தக் கண் இப்போதெல்லாம் தானாகவே வடிகிறதா, தெரியவில்லை. அவன் சிவப்புப் பேனாவைத் திறந்து அவளுடைய இடது கையில் வைத்து, தன் கையால் அணைத்துக்கொண்டான். பேனா நடுங்கியபடி ஒரு கோடு இழுத்தது. கடைசி மூன்று வரிகளின் குறுக்காகப் போய், தாளைத் தாண்டிப் படுக்கை விரிப்பில் முடிந்தது.

"எல்லாத்தையும் அடிச்சிட்டாங்களா?" வாசற்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"கை வழுக்கிடுச்சு... அப்படித்தான் நினைக்கிறேன்." பேனாவை மூடினான். "பொறு அக்கா. அடுத்த பக்கத்தையும் படிச்சிர்றேன். ஒருவேளை அங்க இருக்கும்."

படித்தான். பேருந்து ஒரு பாலத்தைக் கடந்தது. கதைப்பெண்ணின் பக்கத்து இருக்கையில் யாரோ அவளிடம் மணி கேட்டார்கள். அவன் ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நிறுத்தி, நிறுத்தி, பத்தி முடியும்வரை படித்தான்.

"ஏங்க," என்றாள் மனைவி. "போதும்ங்க."

நிமிர்ந்து பார்த்தான். விரல் நின்றிருந்தது. எந்த வரியில் நின்றது என்று அவன் கவனிக்கவில்லை.

ஐந்து மணிக்குப் பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அக்காவிடம் தொழில் கற்றவள். கட்டிலருகே வெகுநேரம் நின்றாள். புரூஃபைப் பற்றி அவளாக ஒன்றும் கேட்கவில்லை. தம்பிதான் தாள் கட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைக் காட்டினான்.

"இது அடிச்ச கோடா சார்?"

"தெரியலம்மா."

"அடிக்கணும்னா மேடம் ஓரத்துல ஒரு சுழி போடுவாங்க. இங்க சுழி இல்லையே."

"சுழி போடுற கையா அது?"

அவள் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இது நிஜமா நடந்ததா சார்?" என்றாள்.

"பெட்டி ஏத்தினது நிஜம்."

அவள் காத்திருந்தாள். அவன் தாளின் நைந்த ஓரத்தைத் தடவி நேராக்கினான்.

"நீங்க சொல்றபடி செஞ்சிடறேன் சார். ஒரு வார்த்தைதானே."

"ஒரு வார்த்தைக்கு அவ ஒன்பது நாள் போராடினாம்மா. அவளக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?"

உள்ளே யாரோ நாற்காலிகளை நகர்த்தினார்கள்.

"அப்படியே விட்டுரு," என்றான் கடைசியில். சொன்ன மறுகணமே, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்றிருந்தது. அவள் அதற்குள் தாள்களைத் தட்டி அடுக்கி, நூலால் கட்டிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

வாசலில் அமரர் ஊர்தி வந்திருந்தது. குறுகலான தெரு. பின்பக்கமாகத்தான் உள்ளே வர வேண்டும். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யாராவது கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க," என்று கூப்பிட்டார். தம்பி இறங்கிப் போய் நடுத்தெருவில் நின்று கையை ஆட்டினான். "வா... வா... லெஃப்ட்ல ஒடி... வா..." மதிலை உரசாமல், சாக்கடை மூடியில் ஏறாமல், வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கி வாசலுக்கு நேராக வந்து நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்தார். இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

அவன் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். வா, வா என்று.