கருவாட்டுத் திடலும் கும்பினிக் கிடங்கும்

டச்சுக்காரர்களின் ஒல்லாந்துக் கும்பினி எழுத்தர் புத்தகமும் கையுமாகக் கிளம்பிவிட்டார் என்ற சேதி வந்ததுமே பழவேற்காட்டுக் கடைவீதியில் எல்லாரும் ஏழையாகிவிட்டார்கள். படகுக்காரன் சிங்காரம் கடுக்கனைக் கழற்றி மடியில் முடிந்தான். கள்ளுக்கடை வரதன் கிழிந்த வேட்டிக்கு மாறினான். வெள்ளைக்காரன் வேலை மெனக்கெட்டு வந்து வியாபாரம் எப்படி என்று கேட்டால் வேறெதற்கு? வரி போடத்தான்.

"ஊரு பெருசாயிக்கினே போவுது, உங்க வியாபாரம் எப்படின்னு தொரை கேக்குறாரு" என்றார் எழுத்தரின் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி ஆதிகேசவன்.

"எத்தினி கப்பலு வந்தா இன்னா சாமி, என் படகுல ஓட்டைதான் கீது" என்றான் சிங்காரம்.

"குடிக்கிறவனே இல்லீங்க" என்றான் வரதன். அவன் முதுகுக்குப் பின்னால் கும்பினிச் சிப்பாய்கள் இருவர் மல்லாந்து கிடந்தார்கள்.

கோட்டை அகழியை ஒட்டிய திடலில் கருவாடு காயவைத்து விற்கும் குப்பம்மாள் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். கண்ணீர் அவளுக்குக் கூப்பிட்ட குரலுக்கு வரும்.

"என் கருவாட்ட காக்கா கூடத் தொடறதில்ல தொரை!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

எழுத்தர் புத்தகத்தை மூடினார். துபாஷி தொண்டையைச் செருமினார்.

"துணிக் கிடங்கு கட்ட கோட்டைப் பக்கம் ஒரு எடம் வேணுமாம். எந்த வியாபாரம் படுத்துப் போச்சோ அந்த எடத்த எடுத்துக்கச் சொல்லி உத்தரவு. உன்னுதுதான் குப்பம்மா."

"ஐயையோ, பொய் சொன்னேன் ஐயா! கப்பலுக்கு மூணு கூடை போவுது! அந்தத் திடலு போனா நான் எங்க போவேன்?"

இந்தமுறை வந்தது நிஜக் கண்ணீர். முன்னதைவிட நடிப்பு பிரமாதம் என்று எழுத்தர் கைதட்டினார். குப்பம்மாளுக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. தன் வாயாலேயே கெட்டோமே என்று தன்மேல்தான் ஆத்திரம் அதிகம்.

மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தாள். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. இன்று ஒருவர் வலை விட்ட இடத்தில் நாளை அடுத்தவர். அந்த முறைக்குப் பாடு என்று பெயர்.

"எட்த்துக்கோ தொரை. ஆனா எங்க பாடு மாரிதான். உனக்கு ஒரு வருசம், அப்பால அந்த எடத்து வெயிலும் காத்தும் எனக்கு. எழுதி முத்திரை போட்டுக் குடு."

வெயிலையும் காற்றையும் கேட்கிறாளே பைத்தியம் என்று எழுத்தர் சிரித்துக்கொண்டே முத்திரை போட்டார்.

வருஷம் முடிந்த மறுநாள் குப்பம்மாள் ஏணியோடு வந்தாள். கிடங்கின் மொட்டைத் தளம் முழுக்க நெத்திலியும் வாளையும் பரப்பினாள். நல்ல காற்று, நாய்த் தொல்லையும் இல்லை. எழுத்தர் கீழே நின்று கத்தினார்.

"இன்னாத்துக்குக் கூவுற? உள்ள கீற துணி உன்னுது, நான் தொட்டனா? வெயிலு என் பாடு!" என்று காகிதத்தை ஆட்டிக் காட்டினாள்.

சத்தம் கேட்டு வந்த கோட்டைத் தலைவர் காகிதத்தைப் படித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு எழுத்தரைத்தான் திட்டினார்.

அந்தப் பருவத்தில் கப்பலேறிய சாயத்துணி ஒல்லாந்து வரைக்கும் நெத்திலி மணத்தது. வாங்கினவர்கள் திட்டி எழுதிய கடிதங்கள் வந்து சேர்ந்ததும் கும்பினி கிடங்கை ஊருக்கு மறுபக்கம் மாற்றிக்கொண்டது.

காலியான கட்டடத்தில் குப்பம்மாள் கருவாட்டுக்கான உப்பு மூட்டைகளை அடுக்கினாள்.