முள் காட்டிய பன்னிரண்டு

பந்தய மலையடிவாரத்தில் என் சம்பந்தி காரைச் சுற்றி மூன்றாவது தடவையாக ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தார். அது நான் உட்கார்ந்திருந்த டயருக்குள் கிடந்தது. எனக்குத் தெரியும், போட்டதே நான்தான்.

சம்பந்தி என்றால் என் மருமகளின் அப்பா, மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு பழைய காரில் சூப்பர்சார்ஜர் மாட்டியிருந்தார்கள். எஞ்சினுக்குள் காற்றை அடித்துத் திணிக்கிற யந்திரம் அது. முதன்முதலாகக் கிளப்பிய அன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சட்டையை இழுத்து விழுங்கி, சைலன்சர் வழியாக இஸ்திரி போட்டு வெளியே தள்ளியது. ஒரு பித்தான்தான் குறைந்தது. நம்பாதவர்கள் வந்து சட்டையைப் பார்க்கலாம்.

போன மலையேற்றக் கார் பந்தயத்தில் நடந்ததோ வேடிக்கையில்லை. திணித்த காற்று சூடேறி, மூன்றாவது வளைவில் பிஸ்டன் உருகிவிட்டது. சக்கரத்தில் எண்ணெய் சிதறி, கார் வழுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்து ஓரக் கல்லில் நின்றது. மருமகள் இறங்கி வந்து தண்ணீர் கேட்டாள். கொடுத்த டம்ளரில் பாதி அவள் சட்டையில்தான் கொட்டியது. அதனால் இந்தத் தடவை, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைப் பெரிதாகப் பார்த்து அவளே தேர்ந்தெடுத்து மாட்டினாள். மாட்டியதும், திணிக்கிற காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் பன்னிரண்டிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது. சம்பந்தியின் முகமும் கூடவே இறங்கியது.

"காத்தக் குளிர வைக்கிறேன்னு காத்தையே காணாம அடிச்சிட்டியேம்மா."

"குளுந்த காத்து சுருங்கும்ப்பா. அவ்வளவு பெரிய கூலருக்குள்ள பூந்து வர்றதுல கொஞ்சம் பிரஷரும் போகும். ஆனா எஞ்சினுக்குள்ள போற காத்து முன்னவிட ஜாஸ்தி. முள்ளப் பாக்காதீங்க, இழுவையப் பாருங்க."

"பிரஷர் குறைஞ்சது நல்லதுங்கிற?"

"உங்களுக்குக் குறைஞ்சா தெருவெல்லாம் சொல்லிட்டு வர்றீங்க. வண்டிக்குக் குறைஞ்சா மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறீங்க!"

நான் சிரித்தேன். சம்பந்தி சிரிக்கவில்லை. அவள் பந்தயத்துக்கு முந்தைய ஓட்டுநர்கள் கூட்டத்துக்குப் போய்த் தலை மறைந்ததும் பாக்கெட்டிலிருந்து பெல்ட் ஓடுகிற ஒரு சின்னப் புல்லியை எடுத்தார்.

"இதப் போட்டா சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாச் சுத்தும். பன்னெண்டு தானா வந்துரும். அவகிட்ட மூச்சு விடாதீங்க, சம்பந்தி."

பெட்ரோல் அளவை அவள் அந்த ஒன்பதுக்குத்தான் சரிசெய்து வைத்திருந்தாள். காற்று கூடினால் பெட்ரோல் போதாது; மறுபடி சூடு, மறுபடி மூன்றாவது வளைவு. சொல்லிப் பார்த்தேன். "நீங்க பஸ் ஓட்டுனவரு, விடுங்க" என்றார். அவளிடம் சொன்னால் அப்பனும் மகளும் கத்தித் தீர்ப்பார்கள். அந்தக் கோபத்தோடு அவள் மலையேறுவாள். அதனால்தான் ஸ்பானர் டயருக்குள் போயிற்று.

கடைசியில் அவர் பக்கத்துக் கொட்டகையில் இரவல் கேட்கப் போனார். நான் மீட்டர் கண்ணாடியை நெம்பி எடுத்து, முள்ளைப் பிடுங்கி, மூன்று கோடு மேலே தள்ளிச் செருகினேன். பிறகு எஞ்சினைக் கிளப்பி வைத்தேன். ஓடுகிற எஞ்சினில் நடுங்கும் முள்ளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

"முள்ளு சிக்கிட்டிருந்துச்சு, தட்டிவிட்டேன்," என்றேன், திரும்பி வந்தவரிடம். "ஓட்டித்தான் பாருங்களேன்."

பின்பக்கச் சாலையில் ஒரு மிதி மிதித்தார். பன்னிரண்டு. பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி இறங்கினார். புல்லி மறுபடி பாக்கெட்டுக்குள் போனது.

மருமகள் வந்தாள், ஹெல்மெட்டை மாட்டினாள், ஓடிக்கொண்டிருந்த காரில் ஏறிப் புறப்பட்டாள். பந்தயக் கொடி அசைந்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குத் தெரிந்தது ஒன்பது. இப்போது கண்ணெதிரே பன்னிரண்டைப் பார்ப்பாள். பன்னிரண்டென்றால் அப்பா கைவைத்துவிட்டார் என்று அர்த்தம். வளைவின் நடுவில் திடுக்கிட்டுக் காலை எடுத்தால் காரின் பின்பக்கம் பள்ளத்துப் பக்கம் திரும்பிவிடும்.

முதல் வளைவில் சத்தம் ஏறியது. இரண்டாவதிலும் ஏறியது. மூன்றாவதில், கழுத்தைப் பிடித்தாற்போல நின்றது. 

சம்பந்தி என் தோளைப் பிடித்தார். "என்னாச்சு சம்பந்தி? சத்தம் எங்க?" 

மலையில் புழுதி எழுகிறதா என்று பார்த்தேன். பிறகு மெல்ல, மிக மெல்ல, சத்தம் திரும்ப வந்தது. உச்சிவரைக்கும் ஊர்ந்தே போனது.

கீழே வந்து நிறுத்தி, சாவியைத் திருகி அணைத்து இறங்கினாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"புல்லிய மாத்துனீங்களா?"

சம்பந்தி அதைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "மாத்தலம்மா. பாரு, இங்கதான் இருக்கு."

"அப்புறம் எப்படிப் பன்னெண்டு?"

இருவரும் ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நுழைத்தார்கள். எஞ்சின் நின்று, உள்ளே ஒரு பொட்டுக் காற்றும் அசையாதபோது, பூஜ்யத்தில் படுத்திருக்க வேண்டிய முள் மூன்றில் எழுந்து நின்றது. சம்பந்தி நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். அது அசையவில்லை.

"மாமா," என்றாள் மருமகள், திரும்பாமலே.

நான் டயர்மேல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். உள்ளே ஸ்பானர் கிண்ணென்றது.