ஏ.டி.யா, எம்.டி.யா

டயர் விஷயத்தில் என் வீட்டுக்காரருக்கு இருக்கும் ஞானம் முழுக்கச் செல்போனில் பார்த்தது. எங்கேயோ ஒரு வெள்ளைக்காரன் இடுப்பளவு சேற்றில் வண்டியை இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பான். இவர் சோற்றைத் தட்டில் காயவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்து முடித்ததும் முகத்தில் அப்படி ஒரு வீரம் வந்துவிடும். நம்ம பிக்கப்புக்கும் அந்த மாதிரி சேற்று டயர்தான் போட வேண்டும் என்பார்.

வண்டி ஓட்டுவது என்னவோ நான். ஸ்ரீசிட்டியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய வேலையை விட்டுவிட்டு, பழைய பிக்கப் ஒன்றை வாங்கிப் பூ ஏற்றக் கிளம்பியவளும் நான்தான். ஏற்றி இறக்குவதும், திருப்பதி பூ மார்க்கெட்டில் தெலுங்கில் தேனொழுகப் பேசி விற்பதும் அவர், சாய்குமார்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்குப் பின்னால் சாமந்திக் கொல்லைகள் இருக்கின்றன. தார் ரோட்டிலிருந்து அங்கே போக ஒரு கிலோமீட்டர் களிமண் பாதை. மழை பிடித்துவிட்டால் எந்த வண்டியும் அதில் இறங்காது. கூடையைத் தலையில் வைத்து நனைய நனைய ரோட்டுக்குக் கொண்டு வருவார்கள். நனைந்த பூவை மார்க்கெட்டில் யார் தொடுவார்கள்? மழையிலும் கொல்லை வரைக்கும் வண்டியைக் கொண்டு வருகிறேன் என்று நான் வாய் விட்டிருந்தேன். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அங்கே கொல்லை வைத்திருக்கும் லட்சுமம்மா தன் பூவையும் மற்ற கொல்லைக்காரர்கள் பூவையும் என் பக்கம் திருப்பிவிட்டார். முதல் மழையிலேயே நான் கோட்டை விட்டால் பூ பழைய வியாபாரியின் வண்டிக்குப் போய்விடும், நான் பழைய ஃபோர்க்லிஃப்டுக்குப் போய்விடுவேன்.

வண்டியில் இருந்த டயர்களோ மொட்டை. ஐப்பசி பிறந்ததும் திருப்பதியில் இஸ்மாயில் பாய் கடைக்குப் போனோம். பாய் இரண்டு வகை காட்டினார். எல்லாத் தரைக்கும் ஓடுகிற டயர் ஏ.டி.யாம். சேற்றுக்கென்றே பெரிய பெரிய கட்டைகளும் அகலமான இடைவெளியுமாகச் செய்தது எம்.டி.யாம். சாய்குமார் எம்.டி.யைத் தடவிய தடவலைப் பார்த்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் பொறாமை வரும். எனக்கு அது சரிப்படவில்லை. சேறு ஒரு கிலோமீட்டர்தான், தார் ரோடோ ஒரு மணி நேரத்துக்கும் மேல். சேற்று டயர் தாரில் ஓவென்று கத்தும், சீக்கிரம் தேயும், ஈர ரோட்டில் பிரேக் அடித்தால் சறுக்கும். ஏ.டி. போதும், மீதியை என் கை பார்த்துக்கொள்ளும் என்றேன். கடையிலேயே சண்டை முற்றியது. எங்கள் வண்டியின் அளவு கடையில் இல்லை. சென்னையிலிருந்து வரவழைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, பாய் எங்களை ஒருவழியாக வெளியே அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். புத்தூர் மலைப் பக்கம் பாய் போன் செய்தார். வண்டியை ஓரங்கட்டி எடுத்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்ததில் கடைசித் துண்டு மட்டும்தான் காதில் விழுந்தது.

"...எம்டியாம்மா?"

லோடு இல்லாமல் ஓடும் வண்டியை எங்கள் தொழிலில் எம்டி என்றுதான் சொல்வோம். ஏதோ சாமான் ஏற்றி அனுப்பப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஆமா பாய், எம்டிதான்."

அடுத்த முறை கடைக்குப் போனால் நான்கு சேற்று டயர்கள் காத்திருந்தன. பாயும் இவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையே எட்டிப் பார்த்தது. நீங்கள்தானே எம்.டி. என்றீர்கள் என்று பாய் பாவமாகச் சொன்ன பிறகுதான் விளங்கியது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது, வேறு டயருக்குக் காத்திருக்க நேரமில்லை. மாட்டச் சொன்னேன். ஊர் வரைக்கும் டயர் கத்திக்கொண்டே வந்தது, சாய்குமார் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாளே மழை கொட்டியது. உள்ளதைச் சொல்ல வேண்டும், டயர் ஏமாற்றவில்லை. களிமண்ணைக் கவ்விக் கவ்வித் துப்பிக்கொண்டு கொல்லை வரைக்கும் போய் நின்றது. தார்ப்பாய் போட்டுக் கட்டி, ஒரு பூ நனையாமல் ரோட்டுக்கு வந்தோம். பெருமையோடு கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் பாதை என்று ஒன்று இல்லை. முழங்கால் ஆழத்துக்கு இரண்டு பள்ளம் உழுது வைத்திருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினார்கள். லட்சுமம்மா ஓரமாக நின்று பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சாயந்திரம் லட்சுமம்மாவே போன் செய்தார்.

"நாளைக்கு வண்டி உள்ள வர வேணாம்மா."

ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். சாய்குமாரைத் திட்டலாம் என்றால் அவர் ஏற்கெனவே சோறு வேண்டாமென்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தன்னால்தான் எல்லாம் என்றார். எம்டி என்று சொன்னது நான்தானே என்றேன். அழுகை வந்துவிட்டது. கிடங்குக்குத் திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்லை, இந்த வண்டிதான் வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

"ரோட்டாண்ட வரைக்கும் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார். "எம்டியா திரும்பினாலும் பரவால்ல."

காலையில் மழை விட்டிருந்தது. பாதை முனையில் ஒரு டிராக்டர் நின்றது. பூவை அதில் ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். கிட்டே போனால் டிராக்டர் நிறைய சூளைக்காரர் ஒதுக்கிய உடைசல் செங்கல். கொல்லைக்காரர்கள் எல்லோரும் கூடையில் அள்ளிப் போய் நான் உழுத பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமுடியெல்லாம் செங்கல் தூளாக லட்சுமம்மா வந்தார். பாதையைக் கெடுத்துவிட்டேனே என்று இழுத்தேன்.

"தோண்டுற வேலைய நீயே முடிச்சிட்ட. ரெண்டு வரி செங்கல் ரொப்பினா போதும்" என்று சிரித்தார். "வண்டியே வராத பாதைக்கு எவன் ரோடு போடுவான்னு இத்தினி வருசம் சும்மா கெடந்தோம். இப்பதான் வண்டி வருதே."

அவர் சொன்னது மனதில் இறங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் சாய்குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கல் அள்ளப் போய்விட்டார். பூ என்ன ஆயிற்று என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். லட்சுமம்மா ரோட்டை ஒட்டிய ஏரிக்கரையைக் காட்டினார். அங்கே தார்ப்பாய்க்கு அடியில் கூடை கூடையாகச் சாமந்தி.

"இன்னிக்கு ஒரு நாளு தலையில தூக்கியாந்து வெச்சிக்கீறோம். பழைய வண்டிக்காரன் வந்து கேட்டுக்கினு நின்னான். எங்க வண்டி வந்துக்கினு கீதுன்னு சொல்லி அனுப்பிட்டோம்."