ஹவுள் மீனின் வயிறு

என் பெயர் அலி அஸ்கர். வயது இருபத்து நான்கு. ஷார்ஜாவில் ஒரு வளர்ப்பு மீன் கிடங்கில் வேலை. கை ஈரமாக இருப்பதால் பேசியே இதை எழுத வைக்கிறேன். போன் ஒழுங்காக எழுத வேண்டுமே என்று பாடப்புத்தகத் தமிழில் பேசுகிறேன், யாரும் சிரிக்க வேண்டாம். நம் குடும்பக் குரூப்பில் புதிதாகச் சேர்ந்த மச்சான்மார் இருப்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கூடப்பிறந்த மூத்தவள், ஸமீஹா ராத்தா, முக்கூடல் பஜாரில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கிறாள். அவள் மாப்பிள்ளை மௌத்தாகிப் போன பிறகு அவளும் பிள்ளைகளும் சாப்பிடுவது அந்தக் கடை வருமானத்தில்தான். நேற்றுக் காலை நம் ஊர்க் குளத்தைக் குத்தகை எடுத்திருக்கும் முத்துமாலை அண்ணாச்சி, வலையில் சிக்கிய ஒரு மீனைச் சாக்கில் கொண்டுவந்து கடை மேசையில் போட்டிருக்கிறார். கறுப்பு உடம்பு, தகரம் அடித்தது போல ஓடு, முழ நீளம். தண்ணீர் இல்லாமலும் அது சாகவில்லை.

"ஏம்மா, இது ஒன் சரக்குதான? வலை பூரா நார்நாராக் கிடக்கு. கெண்டையக் காணும், கெளுத்தியக் காணும், இந்தக் கர்மம்தான் அள்ளி அள்ளி வருது."

"என் சரக்கு தொட்டிக்குள்ளதான் கெடக்கு அண்ணாச்சி. குளத்துல கொண்டு விட எனக்கென்ன கிறுக்கா?"

தொட்டிப் பாசியைத் தின்ன எல்லாரும் வாங்கும் டேங்க் கிளீனர் மீன் அது. நம் பக்கத்தில் அதை விற்பவள் ராத்தா ஒருத்திதான். அதனால் அது அவள் சரக்குதான் என்பதில் கூடி நின்றவர்களுக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஊர்க்கூட்டம், அதில் கடையைப் பூட்டச் சொல்லப் போகிறார்கள்.

ராத்தா அழுதுகொண்டே எனக்கு வீடியோ கால் போட்டாள். "ராத்தா, அத மல்லாத்திப் போடு," என்றேன்.

அண்ணாச்சி போனுக்குள் எட்டிப் பார்த்தார். "ஏலே, அரபு நாட்டுல உக்காந்துக்கிட்டு மீனுக்கு ஜாதகம் பாக்கியா?"

"வயித்த மட்டும் காட்டுங்க அண்ணாச்சி, ஜாதகம் பொறவு பாப்போம்."

வயிறு முழுக்க வளைந்து நெளிந்த கோடுகள். புழு ஊர்ந்த தடம் மாதிரி. பிறகு தொட்டியில் கிடக்கும் பெரிய மீன்களைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். எல்லாவற்றின் வயிற்றிலும் சிறுத்தைக்குப் போல தனித்தனிப் புள்ளிகள். இரண்டும் தென் அமெரிக்க ஆற்று மீன்கள்தான், முதுகைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் வேறு வேறு வகை. இங்கே கிடங்கில் வயிற்றைப் பார்த்துத்தான் இரண்டு தொட்டியாகப் பிரிக்கிறோம்.

அண்ணாச்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இந்தச் சனியன் எங்கன இருந்துதாம்லே வந்துச்சு?"

ராத்தா மீன்களைத் திரும்பத் தொட்டிக்குள் விட்டாள். அவர் போன பிறகு பைய சொன்னாள்: "தம்பி, பள்ளி ஹவுள்ல கெடக்கதும் இந்த மீன்தான?"

உங்கள் எல்லாருக்கும் தெரியும். நம் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டியான ஹவுளில் பாசி பிடித்து ஒரு பெரியவர் வழுக்கி விழுந்தார். அதற்காக நிர்வாகத்தில் இருக்கும் காஜா முகைதீன் மாமா சென்னையிலிருந்து மீன் வாங்கி வந்து அதில் விட்டார். நல்ல எண்ணத்தில்தான் விட்டார். ஆனால் நோன்புக்கு முன்னால் வருஷா வருஷம் ஹவுளைக் கழுவி, தண்ணீரை வாய்க்காலில் திறந்து விடுகிறோம். வாய்க்கால் போய் விழுவது அந்தக் குளத்தில். குஞ்சுகள் அதோடு போகும் என்று யாரும் நினைக்கவில்லை.

மாமாவிடம் இதைப் போனில் சொன்னேன்.

"பள்ளிவாசல் பேர இதுல இழுக்காத. ஒன் ராத்தா கடையப் பூட்டிட்டு வேற தொழில் பாக்கட்டும். ஒனக்கு விசா எடுத்துக் குடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"விசா எடுத்துக் குடுத்திய மாமா, இல்லேங்கல. அதுக்கு என் வாயையும் சேத்தா வாங்குனிய?"

போனை வைத்துவிட்டார். விசா இந்த வருஷம் முடிகிறது, புதுப்பிக்க அவர் என் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உம்மா வேறு, "பேசாம இருல, பெரியவங்க பாத்துக்கிடுவாங்க" என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். உம்மா, பெரியவர்கள் பார்த்துக்கொண்டால் ராத்தா கடைக்குத்தான் பூட்டு விழும். நான் பேசாமல் இருக்க மாட்டேன். திருப்பி அனுப்பினால் ஊருக்கு வந்து அந்தக் கடையிலேயே தொட்டி கழுவுகிறேன்.

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஹவுள் மீனின் வயிற்றை நான் பார்த்ததில்லை. அதில் புள்ளி இருந்தால் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போனில் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கோடு இருந்தால் குளத்துக்குப் போனது ஹவுள் மீன்தான், ராத்தாவின் கடையில் யாரும் கை வைக்கக் கூடாது.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஹவுளில் பெரிய மீன் ஒன்றைப் பிடித்து, ஈரத்துணியில் மல்லாத்தி வைத்து, வயிற்றைப் படம் எடுத்து இந்தக் குரூப்பில் போடுங்கள்.