பில்லி என்றால் பூனை

என் பெயர் தல்ஹா. வயது இருபத்திரண்டு. சொந்த ஊர் காயல்பட்டினம். இப்போது கோயம்புத்தூர் துடியலூரில், ஹாரிகா அக்கா வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். பம்பு மோட்டார் பட்டறையில் வேலை. இதைக் கைப்பேசியில் பேசித்தான் எழுதுகிறேன். இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டே அனுப்புகிறேன்.

ஹாரிகா அக்கா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பூனையை "பில்லி" என்பார்கள். அந்த வீட்டுப் பூனைக்கு ஒரு காது கிழிந்திருக்கும், தெருநாயையே துரத்தும். அதைக் கதாநாயகன் ஆக்கி, என் அக்கா, சாஜிதா லாத்தாவின் மகளுக்குத் தினமும் கதை அனுப்பினேன். பில்லி ரயிலை நிறுத்தும். திருடனின் மீசையைப் பிடித்துத் தொங்கும். பெயரைக் கேட்டதும் உம்மாதான் பதறினார்.

"பில்லி சூனியமா? அந்தப் பேரு வேண்டாம் வாப்பா."

நான் சிரித்தேன்.

இன்று மதியம் பட்டறை இரைச்சலில் நின்றபடி அடுத்த பகுதியைச் சொன்னேன். "பில்லி வீட்டுக் கிணற்றில் குதித்துவிட்டது. இன்னும் மேலே வரவில்லை. யாரிடமும் சொல்லாதே லாத்தா." முடிவு தெரிந்தால் மகள் அழுவாள் என்பதற்காக அப்படிச் சொன்னேன். கைப்பேசி "பில்லி" என்பதைப் "பிள்ளை" என்று எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. லாத்தாவுக்குப் போக வேண்டியது, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குழுவுக்குப் போய்விட்டது. கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் கைப்பேசியைப் பார்க்காமலே திரும்பினால், வாசலில் கூட்டம். தீயணைப்பு வண்டி நிற்கிறது. கிணற்றில் கயிறு இறங்குகிறது. ஹாரிகா அக்கா கிணற்று மேட்டில் உட்கார்ந்து, "லாஸ்யா, லாஸ்யா" என்று மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"யாருங்க விழுந்தது?"

பக்கத்து வீட்டுத் திருமூர்த்தி அண்ணன் தன் கைப்பேசியை நீட்டினார். "ஏனுங் தம்பி, இது நீங்க போட்டதுதானுங்களே?"

நான் சொன்னதேதான். கீழே என் பெயர், எண், முகவரி. எங்கள் சாச்சா, வாப்பாவின் தம்பி, யாராவது காப்பாற்றட்டும் என்று இவற்றையும் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார். முதல் சொல் மட்டும் "பிள்ளை" என்று மாறியிருந்தது.

"பிள்ளை இல்லீங்க. பில்லி. பூனைங்க. கதைங்க."

"கதையா? கொழந்தை எங்க, அதச் சொல்லுடா!" என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார்.

லாஸ்யா பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. வேன்காரர் போன் எடுக்கவில்லை. அக்கா என்னையே பார்த்தார்.

"தம்பி, எம்புள்ள எங்க?"

ஒரு கணம் எனக்கே பயம் வந்துவிட்டது. உண்மையிலேயே உள்ளே இருக்கிறாளோ? எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது.

அப்போதுதான் வேன் வந்தது. லாஸ்யா இறங்கி, கூட்டத்தைப் பார்த்து முழித்தாள். அக்கா ஓடிப்போய் முதுகில் ஒன்று வைத்தார், பிறகு கட்டிக்கொண்டார்.

"ஏம்மா அடிக்கறே? டயருதானே பஞ்சரு!"

அக்கா என் பக்கம் திரும்பினார். "பில்லியா? நம்ம பில்லியா?" என்றவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"பூனைய ஹீரோ ஆக்குனது செரி தம்பி," என்றார் திருமூர்த்தி அண்ணன், "அதுக்கு முருகேசுன்னு ஒரு பேரு வெக்கக் கூடாதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா காபி கொடுத்தார். லாஸ்யாவை மட்டும் மடியை விட்டு இறக்கவில்லை. "வெளிய எங்கயும் போகாத தம்பி. அந்த மெசேஜ் இன்னும் சுத்திட்டு இருக்குது," என்றார். உண்மைதான். தெரியாத எண்களிலிருந்து அழைப்பு நிற்கவில்லை. கிணத்துக்கடவிலிருந்து ஒருவர், "பிள்ளையைக் கொன்னவன் நீதானா? அங்கேயே இரு, வாரோம்" என்றார்.

லாஸ்யா நன்றாக இருக்கிறாள். கிணற்றில் குதித்தது கதையில் வரும் பூனை. அந்தப் பழைய செய்தி உங்களிடம் இருந்தால் அழித்துவிடுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள்.