ஏழு இருபதிலிருந்து எட்டு மணி வரை

அன்றைக்கு எட்டாவது வீடு. காலையில் பத்து காவான் ஊரில் மூன்று வீடு, பாலம் தாண்டி வந்து தீவில் நான்கு. என் இரண்டு முழங்காலையும் யாராவது இலவசமாகக் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடும் நிலையில் இருந்தேன். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் யோகலட்சுமி ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டியபோது மாலை மணி ஆறை நெருங்கியிருந்தது.

மார்ச் மாதம் அந்த வீட்டில் புது ரவுட்டர் மாட்டியது நான்தான். ஆன்ட்டி ஓய்வுபெற்ற குமாஸ்தா, தனியாக இருக்கிறார். மூன்று முறை புகார் செய்திருந்தார். மூன்று முறையும் கம்பெனியில் பகலில் சோதித்துப் பார்த்து, லைன் நன்றாக இருக்கிறது என்று முடித்துவிட்டார்கள். நானும் அதையே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றுதான் வந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

“பகல்ல நல்லாத்தான் இருக்கு தம்பி. சாயந்தரம்தான் போகுது. நான் எழுதி வெச்சிருக்கேன், பாருங்க” என்று சுவர்க் காலண்டரைக் காட்டினார்.

ஒவ்வொரு கட்டத்திலும் குமாஸ்தா கையெழுத்தில் ஒரே கணக்கு. 7.20 போனது. 8.00 வந்தது. மே மாதத்திலிருந்து ஜூலை வரைக்கும் ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார்.

அது என் வீட்டு நேரம்.

கம்பெனி ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. வாடிக்கையாளருக்குக் கொடுப்பதைப் போட்டால் வைஃபை பெயரை மாற்றலாம், அவ்வளவுதான். எங்களிடம் இருப்பதைப் போட்டால் அவர்களுக்குக் காட்டாத பக்கங்கள் பத்துப் பதினைந்து திறக்கும். அதில் ஒன்று நேரத் தடை. என் மகன் அக்மலும் மகள் ஐனாவும் மஃரிப் தொழுகை நேரத்தில்கூடப் போனைக் கீழே வைப்பதில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, ஏழு இருபதிலிருந்து எட்டு மணி வரை வீட்டு நெட்டை அந்தப் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். ரவுட்டரில் விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரியும். ஆனால் ஒன்றும் வராது.

ஒவ்வொரு வீட்டிலும் செட்டிங்கைப் புதிதாகப் போட இருபது நிமிடம் ஆகும். ஒரு ரவுட்டரில் சேமித்த ஃபைலை அடுத்ததில் ஏற்றி, வாடிக்கையாளர் விவரத்தை மட்டும் மாற்றினால் மூன்று நிமிடம். இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் செய்வதுதான். மார்ச்சில் நான் ஏற்றிய ஃபைல் என் வீட்டு ரவுட்டரிலிருந்து எடுத்தது.

மடிக்கணினியைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் என் வீட்டுத் தடை கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அழிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. ‘சரியாயிடுச்சு ஆன்ட்டி’ என்று சொல்லிக் கிளம்பியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

“என்ன கோளாறுன்னு கம்பெனி பேர் போட்டு ஒரு லெட்டர் தர முடியுமா தம்பி? மகளுக்கு அனுப்பணும்” என்றார் அவர்.

ஏன் என்று கேட்டேன், சொன்னார். மகள் துஷ்யந்தி டொரண்டோவில் இருக்கிறாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கூப்பிடுவாள். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்தரம் திடீரென்று கூப்பிட்டாள். அவளுக்கு அது காலை, வேலைக்குப் போகும் நேரம். “அம்மா, நான் அவரை விட்டுட்டு வந்துட்டேன்” என்றாள். அதோடு சத்தம் நின்றுவிட்டது. எட்டு மணிக்கு மேல் ஆன்ட்டி திரும்பக் கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. லைன் போய்விட்டது என்று எழுதிப் போட்டார். பதில் வந்தது. “சரியா அந்த நேரத்துலயா லைன் போச்சு? பரவால்லம்மா. இனி உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

அதன் பிறகு மகள் பேசவில்லை. ஒருவேளை அதே நேரத்துக்குக் கூப்பிடுவாளோ என்று ஆன்ட்டி தினமும் ஏழு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலண்டரில் நேரம் ஏறியது அப்படித்தான்.

கம்பெனி லெட்டர் வேண்டுமென்றால் நான் அறிக்கை எழுத வேண்டும். எழுதினால் ஒப்பந்தக்காரர் பட்டியலிலிருந்து என் பெயர் போய்விடும். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? முதலில் அந்த அம்மாள் மேல்தான் கோபம் வந்தது. இவர் ஏன் காலண்டரில் எழுத வேண்டும்? பிறகு வெட்கமாக இருந்தது. அதைவிட, பொய் சொல்லவும் அன்றைக்கு உடம்பில் தெம்பில்லை.

“லெட்டர் அப்புறம் வரட்டும் ஆன்ட்டி. முதல்ல நானே சொல்றேன். போனைக் கொடுங்க.”

மகள் பெயரைத் திறந்து, குரல் செய்தி பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

“தங்கச்சி, என் பேரு சாஹித். உங்க அம்மா வீட்டுல நெட் மாட்டினவன். என் வீட்டுக்குப் போட்ட நேரத் தடையை இங்கயும் ஏத்திட்டேன். தினம் ஏழு இருபதுக்கு நெட் நின்னுடும். அம்மா கட் பண்ணலம்மா. நான்தான் பண்ணிட்டேன். கம்பெனிக்கும் எழுதிடுறேன்.”

ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க பிள்ளைங்க அந்த நேரத்துல தொழுறாங்களா?”

“எங்க தொழுறாங்க ஆன்ட்டி. அவங்கம்மா போன்லேர்ந்து டேட்டா எடுத்துக்கிறாங்க, லா.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஏழெட்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. அங்கே காலை ஆறரை. தூக்கம் கலையாத குரல், என்னிடம்தான் பேசியது.

“அண்ணே, அம்மா பக்கத்துல இருக்காங்களா? அன்னிக்கு நான் சொன்னது அவங்களுக்குக் கேட்டுச்சா? என்ன சொன்னாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

ஆன்ட்டி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கேட்டுதே தம்பி. உடனே சொன்னேனே, கிளம்பி வா பிள்ளை, நான் இருக்கேன்னு. நாலஞ்சு தடவை சொன்னேன். அதையெல்லாம் எழுதியா அனுப்புவாங்க? அவ கேட்டுட்டும் வராம இருக்கான்னுதான் இத்தனை நாளா நெனச்சேன். அது போகவே இல்லையா?”

“போகல ஆன்ட்டி.”

பொத்தானை அழுத்திப் பிடித்து, போனை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

“இப்ப சொல்லுங்க. போகும்” என்றேன்.